கிட் ஸ்கிரிப்டில் கேள்வி கேட்பதும் இக்னோர் கோப்புகளைத் தொடுவதும்: முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன பேஷ் ஸ்கிரிப்ட் (டெர்மினல் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுத வேண்டும். அது பில்டு மிச்சங்களை (நிரலைக் கட்டும்போது உருவாகும் கோப்புகளை) துடைக்கும், மாறிய கோப்புகளைச் சேர்க்கும், கமிட் போட்டு (மாற்றங்களைக் கிட்டில் பதிந்து) புஷ் செய்யும் (சர்வருக்கு அனுப்பும்). நடுவில் ஒரே ஒரு தடவை "அழிக்கலாமா?" என்று கேட்கும். வேலை அவ்வளவுதான்.

புதிதாக வருபவர்கள் இதில் இரண்டு இடங்களில் சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கேள்விக்குப் பதில் வாங்கும் இடம். இன்னொன்று, இக்னோர் ஆன கோப்புகளை (கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று நாம் ஒதுக்கியவற்றை) தொடும் இடம். இரண்டு தவறும் ஒரே ஸ்கிரிப்டில் சேர்ந்துவிட்டால், போகிற கோப்பு திரும்ப வராது. கிட்டின் வரலாற்றிலும் அது இருக்காது, ஏனென்றால் கிட் அதை ஒருநாளும் வாங்கி வைத்ததே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம்: முதலில் பார்ப்பது, பிறகு கேட்பது, கடைசியில் செய்வது.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பது பொருளை மாற்றும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன்: ஒரு பலி ரெப்போ

உங்கள் வேலை ரெப்போவில் (கிட் கவனிக்கும் ஃபோல்டரில்) இதை முயற்சி செய்யாதீர்கள். தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் கிட் இனிட் கொடுத்து, அழிந்தால் கவலையில்லாத ரெப்போ ஒன்றை உருவாக்குங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- கமிட் ஆன ஒரு சாதாரணக் கோப்பு
- பில்டு என்ற ஃபோல்டர், அதற்குள் நாலைந்து கோப்புகள்
- .என்வ் என்ற கோப்பு (பொய்யான கடவுச்சொல் ஒன்றை உள்ளே எழுதி வையுங்கள்)
- பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்பு
- "அறிக்கை" என்று தமிழிலேயே பெயர் வைத்த ஒரு கோப்பு

.கிட்இக்னோர் கோப்பில் பில்டு ஃபோல்டரையும் .என்வ் கோப்பையும் சேருங்கள். கடைசி இரண்டு கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள். சாதாரணப் பெயர்களோடு மட்டும் சோதித்த ஸ்கிரிப்ட் உடைவது அந்த மாதிரிப் பெயர்களில்தான்.

கிட் பதிப்பு 1.8.2 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2013-இல் வந்த அந்தப் பதிப்பில்தான் செக்-இக்னோர் கட்டளை சேர்ந்தது. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதோடு வரும் பேஷ் 3.2 பழையது. புதிய பேஷில் உள்ள மேப்ஃபைல் அதில் இல்லை. அதனால் இங்கே வொயில் லூப்பையே பயன்படுத்தப் போகிறோம்.

## 2. ரெப்போவின் உச்சிக்குப் போங்கள்

ஸ்கிரிப்டின் முதல் வேலை, கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல் தரும் ஃபோல்டருக்கு சிடி செய்வது. அது தோல்வியடைந்தால் அங்கேயே வெளியேறிவிட வேண்டும்.

காரணம்: கிட் ஸ்டேட்டஸ் --போர்சிலின் தரும் பாதைகள் ரெப்போவின் உச்சியிலிருந்து தொடங்கும். கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் தருபவையோ நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும், அதற்கு வெளியே உள்ளவற்றைக் காட்டவும் காட்டாது. உள் ஃபோல்டரில் நின்றுகொண்டு இரண்டையும் கலந்தால் பாதி கோப்புகள் "இல்லை" என்று பிழை வரும். உச்சியில் நின்றால் இரண்டும் ஒத்துப்போகும்.

## 3. கோப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்

கிட்டைப் பொறுத்தவரை ஒரு கோப்பு ட்ராக் ஆனதாக (கிட் ஏற்கெனவே கவனித்து வருவதாக) இருக்கும், ட்ராக் ஆகாததாக இருக்கும், அல்லது இக்னோர் ஆனதாக இருக்கும். ஸ்கிரிப்ட் எதையும் தொடும் முன் இந்த மூன்று பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.

ட்ராக் ஆகாதவற்றுக்கு: கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --அதர்ஸ் --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்.

இக்னோர் ஆனவற்றுக்கு அதே கட்டளையோடு --இக்னோர்ட் சேருங்கள். கூடவே --டைரக்டரி கொடுத்தால், முழுதும் இக்னோர் ஆன ஃபோல்டர் ஒரே வரியாக வரும். நோட் மாட்யூல்ஸ் மாதிரி ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள ஃபோல்டர் இருந்தால் இது இல்லாமல் முடியாது. அத்தனை வரிகளை யாரிடம் காட்டி "சரியா?" என்று கேட்பது?

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்டை விட்டுவிடுவது. எல்எஸ்-ஃபைல்ஸ் தானாக .கிட்இக்னோரைப் படிக்காது. அந்தச் சொல்லை விட்டால் .என்வ் கோப்பும் "புதிய கோப்பு" என்று பட்டியலில் வந்து நிற்கும்.

அப்புறம், நான்காவதாக ஒரு வகை ஒளிந்திருக்கிறது: ஏற்கெனவே கமிட் ஆகிவிட்ட, ஆனால் இக்னோர் விதிக்கும் பொருந்துகிற கோப்பு. .கிட்இக்னோர் ட்ராக் ஆகாத கோப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரு கோப்பைக் கமிட் செய்த பிறகு அதன் பெயரை அதில் எழுதினால் ஒன்றும் நடக்காது, மாற்றங்கள் தொடர்ந்து கமிட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். இந்த வகையைப் பிடிக்க எல்எஸ்-ஃபைல்ஸுக்கு --கேச்ட் --இக்னோர்ட் --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட் கொடுங்கள். வெளியீடு காலியாக இருந்தால் நல்லது.

காலியாக இல்லையென்றால், உடனே கிட் ஆர்எம் --கேச்ட் போட ஸ்கிரிப்டைச் சொல்லாதீர்கள். உங்கள் மெஷினில் கோப்பு பத்திரமாக இருக்கும், உண்மைதான். ஆனால் கிட்டுக்கு அது "இந்தக் கோப்பு நீக்கப்பட்டது" என்ற மாற்றம். உங்கள் சகபணியாளர் அந்தக் கமிட்டைப் புல் செய்யும்போது அவருடைய கோப்பு அழிந்துவிடும். முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி, ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்ன பிறகு மனிதர் கையால் செய்ய வேண்டிய வேலை இது.

## 4. எந்த விதி பிடித்தது என்று கேளுங்கள்

ஒரு கோப்பு ஏன் இக்னோர் ஆகிறது என்று தெரியாமல் விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கிட் செக்-இக்னோர் -வி என்று கோப்பின் பெயரோடு கொடுத்தால், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்த விதி என்று காட்டிவிடும்.

விதி .கிட்இக்னோரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. .கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் என்ற கோப்பிலும் இருக்கலாம், கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல் காட்டும் உங்கள் சொந்தக் கோப்பிலும் இருக்கலாம். "என் மெஷினில் இக்னோர் ஆகிறது, அவருடையதில் ஆகவில்லை" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அவை இரண்டும் கமிட்டோடு பயணிப்பதில்லை.

ஒரே கோப்பில் உள்ள விதிகளில் கடைசியாகப் பொருந்துவதே செல்லும். ஆச்சரியக்குறி போட்டு ஒன்றை மீட்கலாம். ஆனால் அதன் தாய் ஃபோல்டரே இக்னோர் ஆகியிருந்தால் மீட்க முடியாது, கிட் அந்த ஃபோல்டருக்குள் எட்டியே பார்ப்பதில்லை. பில்டு/ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அதற்குள் உள்ள ஒரு கோப்பை மட்டும் விலக்க முயல்வது வீண். பில்டு/* என்று எழுதினால் விலக்கு வேலை செய்யும்.

ஸ்கிரிப்டுக்குள் இந்தக் கட்டளையை -க்யூ உடன் கூப்பிடுங்கள், எக்ஸிட் கோடை (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்ணை) மட்டும் பாருங்கள். 0 என்றால் இக்னோர் ஆகிறது. 1 என்றால் ஆகவில்லை. 128 என்றால் கட்டளையே தோல்வி. -வி தரும் வரிகளை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஆச்சரியக்குறி விதி பொருந்தினாலும் அது வரியாக வெளியே வரும்.

ஸ்கிரிப்டின் தலையில் செட் -இ (ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டையே நிறுத்தும் வரி) இருந்தால் கவனம். "இக்னோர் ஆகவில்லை" என்ற சாதாரணப் பதில் 1 ஆக வருவதால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அங்கேயே செத்துவிடும். இஃப் நிபந்தனைக்குள் வைத்துக் கூப்பிட்டால் சாகாது. அப்படி எழுதும்போது 128-ஐ 1-ஓடு சேர்த்துவிடாமல், கோடைத் தனியாக ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

## 5. பெயர்களை -இஸட் உடன் வாங்குங்கள்

பலி ரெப்போவில் கிட் ஸ்டேட்டஸ் --போர்சிலின் ஓட்டிப் பாருங்கள். "அறிக்கை" என்ற கோப்பு மேற்கோள் குறிகளுக்குள், சாய்கோடும் எண்களுமாக வரும். கோர்.க்வோட்பாத் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதால், ஆங்கிலமல்லாத எழுத்தின் ஒவ்வொரு பைட்டையும் கிட் எட்டின் அடிமான எண்ணாக மாற்றிவிடுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். "அ" என்ற ஒற்றை எழுத்தே \340\256\205 என்றாகிவிடும். அந்தப் பெயரை அப்படியே கிட் ஆடுக்குக் கொடுத்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும்.

க்வோட்பாத்தை அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். உங்கள் மெஷினில் போதும், அடுத்தவருடையதில் அது அணைந்திருக்காது. -இஸட் கொடுத்துவிட்டால் பெயர்கள் மாறாமல் அப்படியே வரும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சூனிய பைட் இருக்கும். இடைவெளி, புதுவரி, தமிழ் எல்லாம் அடிபடாமல் வந்து சேரும்.

படிக்கும் முறை: வொயில் ஐஎஃப்எஸ்= ரீட் -ஆர் -டி '' பெயர் (இந்த டி, டிலிமிட்டரின் டி). பட்டியலை ஒரு சாதாரண மாறியில் போட்டு வைக்க முயலாதீர்கள், பேஷ் மாறியால் சூனிய பைட்டை வைத்திருக்க முடியாது, எல்லாப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். அர்ரேயில் (பல மதிப்புகளைத் தனித்தனியாக வைக்கும் மாறியில்) ஒவ்வொன்றாகச் சேருங்கள். கட்டளையிலிருந்து பைப் போட்டு லூப்புக்குள் அனுப்பினாலும் சிக்கல்தான். லூப் தனி ஷெல்லில் ஓடுவதால், வெளியே வந்ததும் அர்ரே காலியாக இருக்கும். லூப்பின் முடிவில், டன் என்ற சொல்லுக்குப் பிறகு, < <(கட்டளை) என்று கொடுங்கள்.

## 6. எதிரில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்

பட்டியல் தயார். கேட்கும் முன் தெரிய வேண்டியது, பதில் சொல்ல யாராவது இருக்கிறாரா என்பது. அதே ஸ்கிரிப்ட் நாளைக்கு கிரானிலோ (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கருவி) சிஐ சர்வரிலோ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சர்வர்) ஓடும். அங்கே விசைப்பலகை கிடையாது.

[ -டி 0 ] (இந்த டி, டெர்மினலின் டி) என்ற சோதனை உள்ளீடு டெர்மினலா என்று சொல்லும். கேள்வியைப் பிழை வெளியீட்டில் எழுதுவதால் [ -டி 2 ] என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் கேளுங்கள்.

ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் பழக்கம் இது: --யெஸ் என்ற விருப்பம் வெளிப்படையாக வந்திருந்தால் மட்டும் மேலே போகும். வராவிட்டால், ஏன் நிற்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு 0 அல்லாத கோடோடு வெளியேறும். ஆள் இல்லாத இடத்தில் "சரி" என்று தானாக எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

## 7. ஒரே ஒரு தடவை கேளுங்கள்

புதியவர்களின் ஸ்கிரிப்டில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். கோப்புப் பெயர்கள் வரிக்கு ஒன்றாக ஓடும் வொயில் லூப்புக்குள்ளேயே இன்னொரு ரீட் வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் "அழிக்கலாமா?" என்று கேட்பார்கள். ஓட்டினால் ஸ்கிரிப்ட் எங்கும் நிற்காது. பாதி கோப்புகள் விட்டுப்போயிருக்கும். காரணம், உள்ளே இருக்கும் ரீட்டும் அதே உள்ளீட்டிலிருந்துதான் படிக்கிறது. விசைப்பலகையிலிருந்து வர வேண்டிய பதிலுக்குப் பதிலாக அடுத்த கோப்பின் பெயரை அது விழுங்கிவிடுகிறது. ஒரு கோப்பின் பெயர் "ஒய்" என்ற எழுத்தில் தொடங்கி, நீங்கள் முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய கோப்பு உங்களைக் கேட்காமலே அழியும்.

லூப்புக்குள் கேட்டே ஆக வேண்டுமென்றால், பட்டியலை 3-ஆம் எண் உள்ளீட்டின் வழியாக அனுப்பி ரீட் -யூ 3 என்று படியுங்கள். அப்போது விசைப்பலகை பதிலுக்காகச் சும்மா இருக்கும். ஆனால் நான் சொல்வது, லூப்பில் கேட்கவே கேட்காதீர்கள். பட்டியலை முழுதாகக் காட்டி ஒரே தடவை கேளுங்கள். இருபது முறை கேட்டால் மனிதர் ஐந்தாவது முறையிலிருந்து படிக்காமல் ஒய் தட்டத் தொடங்கிவிடுவார்.

பதிலைக் கையாளும்போது:

வெறும் என்டர் தட்டினால் அது "வேண்டாம்". தெரியாத எழுத்து வந்தாலும் "வேண்டாம்". அழிப்பதற்கு மட்டும்தான் தெளிவான பதில் தேவை.

உள்ளீடு முடிந்துவிட்டால் ரீட் 0 அல்லாத கோடைத் திருப்பும். அதைக் கவனிக்காமல் "ஒய் அல்லது என் மட்டும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் லூப் எழுதினால், அது முடிவில்லாமல் ஓடி லாக் கோப்பை நிரப்பிவிடும். ரீட் தோற்றால் உடனே "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைத் தமிழில் எழுதலாம், எழுதுவதே நல்லது. "ஆம்" என்ற பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே ஒய் எழுத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஒரு பதிலுக்காக விசைப்பலகை மொழியை மாற்ற வைப்பது நியாயமில்லை.

பெரிய அழிப்பு என்றால் ஒற்றை எழுத்து போதாது. அழிக்கப்போகும் ஃபோல்டரின் பெயரையே தட்டச் சொல்லுங்கள். ஒரு ரெப்போவை நீக்கும் முன் கிட்ஹப் அதன் பெயரை முழுதாகத் தட்டச் சொல்வதும் இதற்காகத்தான்.

## 8. ஹூக்குக்குள் கேட்பதென்றால்

ஹூக்கில் (கமிட், புஷ் போன்றவற்றுக்கு முன் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டில்) ரீட் எழுதிவிட்டு "கேள்வி வருகிறது, ஆனால் நிற்கவே இல்லை" என்று வருபவர்கள் உண்டு. ப்ரீ-கமிட் ஹூக்குக்கு உங்கள் விசைப்பலகை உள்ளீடாக வருவதில்லை, ரீட் உடனே முடிந்துவிடும். ப்ரீ-புஷ் ஹூக்கில் கதை வேறு. அங்கே உள்ளீட்டில் கிட் தானே வரிகளை அனுப்புகிறது: ஒவ்வொரு வரியிலும் உள்ளூர் ரெஃப் (கிளை போன்றதன் பெயர்), அதன் ஐடி, தொலை ரெஃப், அதன் ஐடி. உங்கள் ரீட் அந்த வரியைப் பதிலென்று எடுத்துக்கொள்ளும்.

வழி: ரீட்டுக்கு /டெவ்/டிடிஒய் (டெர்மினலையே குறிக்கும்) கோப்பை உள்ளீடாகக் கொடுப்பது. அதற்கு முன் அது திறக்கிறதா என்று பாருங்கள். எடிட்டரின் பொத்தானை அழுத்திக் கமிட் செய்பவருக்கு அங்கே டெர்மினல் இருக்காமல் போகலாம், அப்போது திறக்காது. திறக்காவிட்டால் கேட்காமல், காரணத்தை எழுதி 1 என்று வெளியேறுங்கள். உண்மையில் அவசியமென்றால் ஹூக்கைத் தாண்டிப் போக --நோ-வெரிஃபை இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஹூக்கில் கேள்வியே வேண்டாம். ஹூக் சரிபார்க்கட்டும், தவறென்றால் நிறுத்தட்டும்.

## 9. கிட் கேட்கும் கேள்விகளை அடைத்துவிடுங்கள்

நீங்கள் கேட்காவிட்டாலும் கிட் கேட்கும். பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்ஹெச்சின் "இந்த சர்வரை நம்பலாமா?", கமிட் செய்திக்கான எடிட்டர். ஸ்கிரிப்டின் உள்ளீட்டை /டெவ்/நல்லுக்கு (எப்போதும் காலியாக இருக்கும் கோப்புக்கு) திருப்பிவிட்டால் இவை நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. கிட்டும் எஸ்எஸ்ஹெச்சும் கடவுச்சொல்லை நேராக டெர்மினலைத் திறந்து படிக்கின்றன. யெஸ் கட்டளையைப் பைப் போட்டு அனுப்பினாலும் அவற்றைப் போய்ச் சேராது.

ஆள் இல்லாத ஓட்டத்துக்கு இவற்றை வையுங்கள்:

- கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0. கடவுச்சொல் கேட்பதற்குப் பதிலாகக் கிட் உடனே தோற்கும்.
- கிட்_எஸ்எஸ்ஹெச்_கமாண்ட் மாறியில் எஸ்எஸ்ஹெச் -ஓ பேட்ச்மோட்=யெஸ்.
- கமிட்டுக்கு -எம், மெர்ஜுக்கு --நோ-எடிட்.

உடனே தோற்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் ஜாப்பைவிட, தெளிவான பிழையோடு விழுந்த ஜாப்பைச் சரிசெய்வது சுலபம்.

## 10. அழிக்கும் படி

கிட் கிளீன் கட்டளைக்கு இயல்பாகவே ஒரு பூட்டு இருக்கிறது. -எஃப் (அல்லது கேட்டுக் கேட்டு அழிக்கும் -ஐ) இல்லாமல் அது எதையும் அழிக்காது. அந்தப் பூட்டை வைத்திருக்கும் க்ளீன்.ரிக்வயர்ஃபோர்ஸ் அமைப்பை ஒருநாளும் அணைக்காதீர்கள்.

ஆபத்து எக்ஸ் என்ற எழுத்தில் இருக்கிறது. சின்ன எக்ஸ் என்றால், ட்ராக் ஆகாதவை, இக்னோர் ஆனவை இரண்டையும் அழி. பெரிய எக்ஸ் என்றால், இக்னோர் ஆனவற்றை மட்டும் அழி. நீங்கள் நேற்று எழுதி இன்னும் ஆட் செய்யாத கோப்பு, சின்ன எக்ஸில் போய்விடும். .என்வ் இரண்டிலும் போய்விடும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பில்டு சரியாக வரவில்லை என்று இணையத்தில் கண்ட கிட் கிளீன் வரியை அப்படியே ஸ்கிரிப்டில் ஒட்டினார். பில்டு சரியானது. ஆனால் சோதனை சர்வரின் சாவிகள் இருந்த .என்வ் போனது, வேறு எங்கும் நகல் இல்லை. அன்று முழுக்கப் புதிய சாவிகள் வாங்குவதில் போனது. அவர் மீது தவறு சொல்ல மாட்டேன். "இக்னோர்" என்ற சொல்லே தேவையில்லாத கோப்பு என்ற எண்ணத்தைத் தருகிறது. .கிட்இக்னோரில் இருப்பவற்றில் மறுபடி உருவாக்கக்கூடிய குப்பையும் உண்டு, எங்கும் நகலில்லாத ரகசியமும் உண்டு. கிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் ஸ்கிரிப்டில் ஃபோல்டரின் பெயரைச் சொல்லியே அழியுங்கள்: கிட் கிளீன் -எஃப் -டி (இந்த டி, டைரக்டரியின் டி), பெரிய எக்ஸ், பிறகு தனியாக இரண்டு கோடுகள் (--), பில்டு. முழு ரெப்போவையும் துடைக்கச் சொல்லும் வரி ஸ்கிரிப்டில் இருக்கவே கூடாது. அழிக்கத் தகுந்த ஃபோல்டர்களின் பட்டியலை ஸ்கிரிப்டின் தலையில் வையுங்கள், 3-ஆம் படியில் கிடைத்த பட்டியலில் அவற்றுள் எவை உண்மையில் இருக்கின்றனவோ அவற்றை மட்டும் கேள்வியில் காட்டுங்கள்.

-என் கொடுத்து ஒத்திகை பார்ப்பது மனிதருக்கு நல்லது. ஸ்கிரிப்ட் அந்த வெளியீட்டைப் படித்து முடிவெடுக்கக் கூடாது. அந்த வரிகள் கணினியின் மொழிக்கேற்ப மாறக்கூடியவை.

## 11. சேர்த்து, கமிட் போட்டு, அனுப்புவது

ட்ராக் ஆன மாற்றங்களுக்குக் கிட் ஆட் -யூ போதும். புதிய கோப்புகளை 5-ஆம் படியில் சேர்த்த அர்ரேயிலிருந்து, இரண்டு கோடுகளுக்குப் பிறகு கொடுங்கள். கோடுகள் எதற்கென்றால், பெயரே கோட்டில் தொடங்கும் கோப்பைக் கட்டளையின் விருப்பமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க.

கிட் ஆட் புள்ளி என்று கொடுத்தால் இக்னோர் ஆனவை சத்தமில்லாமல் விடுபடும். பெயர் சொல்லிக் கொடுத்தால் பிழை வந்து எக்ஸிட் கோட் 1 ஆகும். அந்தப் பிழையிலேயே -எஃப் போடும்படி ஒரு யோசனையும் வரும். அதைக் கேட்டு ஸ்கிரிப்டில் -எஃப் எழுதிவிடாதீர்கள். .என்வ் புஷ் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். அந்தக் கடவுச்சொல்லை உடனே மாற்றுவதுதான் முதல் வேலை.

ஸ்கிரிப்ட் இடையில் கிளை மாற்றுகிறதா? ட்ராக் ஆகாத சாதாரணக் கோப்பின் மேல் எழுத நேர்ந்தால் கிட் மறுத்து நிற்கும். இக்னோர் ஆன கோப்பென்றால் கேட்காமல் மேலெழுதிவிடும். வேறொரு கிளையில் யாரோ .என்வ் கோப்பைக் கமிட் செய்திருந்தால், அங்கே போனதும் உங்களுடையது போய் அவருடையது வரும். உங்கள் கிளைக்குத் திரும்பியதும் அதுவும் இருக்காது. செக்அவுட்டுக்கு --நோ-ஓவர்ரைட்-இக்னோர் கொடுங்கள், மறுத்து நிற்கும்.

## 12. நான்கு விதமாக ஓட்டிப் பாருங்கள்

பலி ரெப்போவில் (புஷ் செய்ய அங்கே இடம் இல்லாததால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு), ஒவ்வொரு முறையும் பில்டு ஃபோல்டரை மறுபடி உருவாக்கிக்கொண்டு:

1. டெர்மினலில் ஓட்டி, கேள்விக்கு வெறும் என்டர். எதுவும் அழியக் கூடாது.
2. மறுபடி ஓட்டி "ஆம்". பில்டு மட்டும் போக வேண்டும், .என்வ் இருக்க வேண்டும், "அறிக்கை" கமிட்டில் இருக்க வேண்டும்.
3. உள்ளீட்டை /டெவ்/நல்லுக்குத் திருப்பி, --யெஸ் இல்லாமல். ஒரு வரி காரணம், 0 அல்லாத கோட்.
4. அதேபோல், --யெஸ் உடன். எங்கும் நிற்காமல் முடிய வேண்டும்.

ஒவ்வொன்றுக்குப் பிறகும் .என்வ் கோப்பைத் திறந்து, உள்ளே எழுதிய பொய்க் கடவுச்சொல் அப்படியே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கோப்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது, மேலெழுதப்பட்ட கோப்பும் அதே பெயரில் அங்கே இருக்கும்.